சாரம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு கடிதம்

மதுரையில் ‘லீஸுக்கு வீடு’ என்று பலகை தொங்கினால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான், ஒத்தி. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருஷம் குடியிருப்பது, காலம் முடிந்ததும் கொடுத்த பணத்தை அப்படியே வாங்கிக்கொண்டு காலி செய்வது. அதனால் லண்டன் பக்கம் கிராய்டனில் இருக்கும் என் அக்கா மகள் சில வருஷம் முன்னால் போன் பண்ணி, "சித்தி, லீஸ்ஹோல்ட் ஃபிளாட் ஒண்ணு வாங்கிட்டோம்" என்று சொன்னபோது எனக்குப் புரியவில்லை. லீஸ் என்கிறாள், வாங்கிவிட்டோம் என்கிறாள், இரண்டும் எப்படிச் சேரும்?

அப்புறம் அவளே பொறுமையாக விளக்கினாள். இங்கிலாந்தில் ஃபிளாட் என்றால் பெரும்பாலும் இப்படித்தானாம். நிலமும் கட்டடமும் ஒருவருடையது. வீடு வாங்குகிறவர் 99 வருஷத்துக்கோ 125 வருஷத்துக்கோ 999 வருஷத்துக்கோ அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை வாங்குகிறார். அதை விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், ஆனால் கூரை, வெளிச்சுவர், மாடிப்படி எல்லாம் வழக்கமாக உடையவர் கையில் இருக்கும். நம் ஊரில் கோயில் அடிமனையில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவர்களை நினைத்துப் பார்த்தால் பாதி புரியும்: மண் கோயிலுக்கு, கட்டடம் நமக்கு, தரை வாடகை மட்டும் கட்டி வர வேண்டும். இங்கிலாந்தில் ஃபிளாட் வாங்கியவர்களுக்கோ கட்டடத்தின் வெளிப்புறம்கூடச் சொந்தமில்லை, ஆனால் அதைப் பழுது பார்க்கும் செலவில் தங்கள் பங்கைக் கொடுத்தாக வேண்டும்.

இந்த விவரமெல்லாம் எனக்கு எதற்கு என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். எங்கள் கட்டடத்துப் பெரிய மராமத்தில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் அது எனக்கு எவ்வளவு தேவைப்பட்ட விஷயம் என்று தெரிந்தது. அடுக்குமாடியில் இருக்கிற, சங்கத்தில் பொறுப்பு எடுத்திருக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

மதுரையில் கோச்சடைப் பக்கம் 1996-ல் கட்டிய குடியிருப்பு எங்களுடையது. தரைத்தளமும் மேலே மூன்று மாடியும், தளத்துக்கு ஆறாக 24 வீடுகள். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கணக்கு எழுதுவாள் என்று என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். ஒரு ஐப்பசி மழையில், விடிகாலை நேரம், இரண்டாம் மாடி சன்ஷேடில் இருந்து ஒரு பாளம் பெயர்ந்து கீழே நின்ற பைக் மேல் விழுந்தது. சீட்டு கிழிந்ததோடு போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து விழுந்திருந்தால் அந்த இடத்தில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூட வேனுக்கு நிற்பார்கள். அந்தப் பாளத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆறு வருஷம் முன்னால் நாங்கள் செலவழித்து அடித்த பெயின்ட், புதுசு மாதிரி இருக்கிறது. மறுபக்கம் கம்பி இருந்த தடம், நீளமாக, செம்மண் நிறத்தில், விரலை வைத்தால் பொடியாக உதிர்கிறது. விரிசலை மூடிப் பெயின்ட் அடித்தோமே தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

முதல் முறை நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். கமிட்டியில் மூன்று பேர் உட்கார்ந்தோம். தெரிந்த மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் போனிலேயே விலை கேட்டோம். ஒருவர் வந்து அங்கிட்டு இங்கிட்டு நடந்து பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு தொகை சொன்னார், மற்றவர்களை விடக் குறைவு, சரி என்று முன்பணம் கொடுத்துவிட்டோம். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: ‘நாளை முதல் வேலை ஆரம்பம், அனைவரும் ஒத்துழைக்கவும்.’

திங்கட்கிழமை காலை சாரம் கட்ட ஆள் வந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை உடைக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தது. புதன்கிழமை சாயங்காலம் முதல் மாடி மேற்குப் பக்க வீட்டில் ஒத்திக்கு இருக்கும் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கணக்கு நோட்டு. அதன் மேல் அரை விரல் கனத்துக்கு சிமென்ட் தூசி. அவர் மகள் அந்த வருஷம் பிளஸ் டூ, இன்னும் பத்து நாளில் பரீட்சை, அவள் படிக்கிற மேஜைக்கு நேர் வெளியே ஜன்னல் ஓரத்தில்தான் காலை எட்டரையில் இருந்து உடைத்துக்கொண்டு இருக்கிறார்கள். சத்தம் போடவில்லை அவர். "நாங்க ஒத்திக்கு இருக்கிறவங்கதான். ஆனா இந்த வீட்ல இருக்கிறது நாங்கதானே? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?" என்றார். நான் குழுவில் போட்டோமே என்று ஆரம்பித்தேன், அப்புறம்தான் உறைத்தது: அந்தக் குழுவில் சொந்தக்காரர்கள் மட்டும்தான். 24 வீட்டில் ஒன்பது வீட்டுக்காரர்கள் இங்கே குடியில்லை, ஐந்து வீடு வாடகை, நான்கு வீடு ஒத்தி. தூசியையும் சத்தத்தையும் தாங்கப்போகிற ஒன்பது குடும்பத்துக்கு நாங்கள் எதுவுமே சொல்லவில்லை.

அதே வாரம் பெங்களூரில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர், என்னைக் கேட்காமல் எப்படி என் பங்கு என்று ஒரு தொகையை எழுதினீர்கள் என்று சண்டைக்கு வந்தார். மூன்றாம் மாடிக்காரர் மொட்டை மாடி ஒழுகலையும் இதில் சேர்த்தால்தான் பணம் தருவேன் என்றார். தரைத்தளத்துக்காரர் மாடி ஒழுகினால் எனக்கென்ன என்றார். ஒப்பந்தக்காரரோ, "உடைச்சுப் பார்த்தாத்தானே தெரியும், உள்ளே நிறைய போயிருக்கு" என்று இன்னும் கொஞ்சம் பணம் கேட்டார். அவர் சொன்னது பொய்யும் இல்லை, ஆனால் எவ்வளவு உடைத்தார் என்று யாரும் அளந்து எழுதவில்லை. ஒன்பதாவது நாள் வேலையை நிறுத்தினோம். செய்த வேலைக்கு முன்பணம் சரியாய்ப் போயிற்று என்று பேசி முடித்தோம். சாரம் இறங்கியது, உடைத்த இடமெல்லாம் கம்பி தெரிய அப்படியே நின்றது. அந்த ஒரு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் போன் பண்ணினாள். அவள் கட்டடத்திலும் கூரையும் வெளிச்சுவரும் ஜன்னல்களும் பழுது பார்க்கப் போகிறார்களாம், கடிதம் வந்திருக்கிறது, மனசு பதைக்கிறது என்றாள். நான் இங்கே நடந்ததைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சித்தி, இங்க அப்படிச் செஞ்சா பணமே வசூல் பண்ண முடியாது" என்றாள்.

அவர்களுடைய 1985-ம் வருஷத்து உடையவர்–குத்தகைதாரர் சட்டத்தில் 20-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மராமத்தில் ஏதாவது ஒரு வீட்டின் பங்கு 250 பவுண்டுக்கு மேல் வரும் என்றால், உடையவர் முதலில் எல்லாக் குத்தகைதாரருக்கும் (ஃபிளாட்டை வாங்கியவர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) கடிதம் கொடுக்க வேண்டும்: இன்ன வேலை, இன்ன காரணம். 30 நாள் அவகாசம். அந்த 30 நாளில் அவர்கள் கருத்து எழுதலாம், எனக்குத் தெரிந்த இந்த ஒப்பந்தக்காரரிடமும் விலை கேளுங்கள் என்று பெயர் கொடுக்கலாம். அதற்குப் பிறகு இரண்டாவது கடிதம், குறைந்தது இரண்டு மதிப்பீடுகளோடு. அதில் ஒன்றாவது உடையவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதவரிடம் வாங்கியதாக இருக்க வேண்டும். மறுபடியும் 30 நாள். குறைந்த விலை சொன்னவரையோ குத்தகைதாரர் சொன்ன ஆளையோ எடுக்காமல் வேறொருவரை எடுத்தால் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதை எல்லாம் செய்யாமல் வேலையை முடித்துவிட்டு பில் அனுப்பினால் ஒரு வீட்டிடம் 250 பவுண்டுக்கு மேல் கேட்க முடியாது, தீர்ப்பாயம் விலக்கு கொடுத்தால் தவிர. செலவாகி 18 மாதத்துக்குள் கேட்கவும் இல்லை, இவ்வளவு செலவாகியிருக்கிறது என்று எழுத்தில் தெரிவிக்கவும் இல்லை என்றால் அதுவும் போயிற்று.

இதைக் கேட்டுவிட்டு அது ஏதோ சொர்க்கம் என்று நான் நினைக்கவில்லை. அவளே சொன்னாள், நாம் எழுதுகிற கருத்தை உடையவர் பரிசீலிக்க வேண்டும், அவ்வளவுதான், அதன்படி நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2013-ல் அங்கத்து உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, கடிதத்தில் குறை இருந்தால் மட்டும் போதாது, அதனால் எனக்கு இன்ன நஷ்டம் என்று காட்ட வேண்டியிருக்கிறது. அவள் பங்கு பதினோராயிரம் பவுண்டு, அது குறையுமா என்று அப்போது அவளுக்குத் தெரியாது. ஆனால் கேள்வி கேட்க அவளுக்கு ஒரு இடம் இருந்தது. தன் குத்தகைப் பத்திரத்தை எடுத்து முழுசாகப் படித்தாள், ஜன்னல் சட்டம் யார் பொறுப்பு என்று அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் சுட்டிக்காட்டி கடிதம் எழுதினாள். கூரையை முழுசாக மாற்றத்தான் வேண்டுமா, பழுது பார்த்தால் போதாதா, பார்த்த நிபுணரின் அறிக்கையைக் காட்டுங்கள் என்று கேட்டாள்.

இங்கே எங்களுக்கு உடையவர் என்று தனியாக யாரும் இல்லை. 24 பேருக்கும் மண்ணில் பிரிபடாத பாகம் இருக்கிறது, சங்கமும் நாங்களேதான். யாரையும் எதிர்த்து வழக்கு போட வேண்டிய நிலை இல்லை. அப்படியானால் இந்தக் கடிதமெல்லாம் எதற்கு என்று எங்கள் செயலாளரே கேட்டார். நான் சொன்னேன், நமக்கு நாமேதான் என்பதால்தான் இன்னும் அதிகமாக வேண்டும். அங்கே கோபம் வந்தால் உடையவர் மேல் போகும், இங்கே தினமும் மாடிப்படியில் பார்க்கிற முகத்தின் மேல் போகும். கமிட்டியில் இரண்டு மாலை இதையே பேசினோம். கடைசியில் சரி, உங்கள் விருப்பப்படி செய்து பாருங்கள் என்றார்கள்.

முதலில் ஆபத்தான வேலையைத் தனியாகப் பிரித்தோம். எது விழும் நிலையில் இருக்கிறதோ அதற்கு இரண்டு மாதம் காத்திருக்க முடியாது. இரண்டு கொத்தனாரை வைத்து ஒவ்வொரு சன்ஷேடையும் சுத்தியலால் தட்டிப் பார்த்து, ‘டொக் டொக்’ என்று பொள்ளல் சத்தம் கேட்ட இடத்தை மட்டும் தட்டி எடுத்தோம், கீழே வலை கட்டினோம், பிள்ளைகள் நிற்கும் இடத்தை மாற்றினோம். பரீட்சை முடிந்த பிறகு, எல்லா வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிவிட்டு, ஒரே நாளில். மற்றதை நிதானமாக எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பொறியாளரைக் கூட்டி வந்தோம். ஒப்பந்தக்காரருக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அவர் வந்த அன்றைக்குக் கார் நிறுத்தும் இடத்துத் தூணில் செய்து காட்டிய ஒரு சின்னச் சோதனையைச் சொல்லியே ஆக வேண்டும். உளியால் தூணில் உள்ளங்கை அளவுக்குக் குழி பறித்தார், தூசியை ஊதிவிட்டார். ஒரு சின்ன பாட்டிலில் இருந்து தண்ணீர் மாதிரி இருந்த ஒரு திரவத்தை, பினாப்தலீன், அதன் மேல் தெளித்தார். சுற்றி நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். குழியின் உள்பகுதி சட்டென்று பீட்ரூட் சாறு ஊற்றின மாதிரி சிவந்தது. வெளிப்பக்கம் ஒன்றரை அங்குலத்துக்கு நிறமே மாறவில்லை, சாம்பல் நிறம் சாம்பல் நிறமாகவே நின்றது. "சிவந்த இடத்துல காரம் இருக்கு, அங்க கம்பிக்கு ஒண்ணும் ஆகாது. சிவக்காத இடத்துல காத்து உள்ள போய் காரத்தைத் தின்னுடுச்சு. உங்க கம்பி எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். கம்பி சிவக்காத பகுதியில் இருந்தது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கும், இடம் போதாமல் கான்கிரீட்டை உள்ளிருந்து வெளியே தள்ளும், அதுதான் விரிசல் என்று விளக்கினார். அதுவரை ‘சும்மா பூசிவிட்டால் போதும்’ என்று சொல்லிக்கொண்டிருந்த தரைத்தளத்துக்காரர் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் அப்படிச் சொல்லவில்லை.

முதல் கடிதம் சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் போயிற்று. ஒரே பக்கம். என்ன பழுது, பொறியாளர் என்ன சொன்னார், எந்தெந்த வேலை, எந்தப் பக்கம் எப்போது சாரம் நிற்கும், எந்த வீட்டு பால்கனி எத்தனை நாள் மூடியிருக்கும். விலை எதுவும் இல்லை. கருத்து சொல்ல 30 நாள். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் அவருக்கு ஈமெயிலும் பதிவுத் தபாலும், அந்த வீட்டில் குடியிருப்பவர் கையில் நேரில் ஒரு பிரதி, வாடகையோ ஒத்தியோ. கொடுத்த தேதியை ஒரு நோட்டில் எழுதி கையெழுத்து வாங்கினேன். பதினேழு பதில் வந்தது. எனக்குத் தெரிந்து எங்கள் பொதுக்குழுவுக்கே அவ்வளவு பேர் வந்ததில்லை.

அதில் ஒரு பதில்தான் வேலையையே மாற்றியது. எழுதியவர் அந்த ஒத்தி வீட்டு அம்மா, நோட்டில் இருந்து கிழித்த தாளில். ராத்திரி மேல் வீட்டில் பாத்ரூம் தண்ணீர் திறந்தால் எங்கள் வீட்டுக் குழாய்ப் பொந்துப் பக்கச் சுவர் காலையில் ஈரமாக இருக்கிறது, இரண்டு வருஷமாக இருக்கிறது, வீட்டுக்காரரிடம் சொன்னோம், அவர் வரவில்லை என்று எழுதியிருந்தார். பொறியாளர் போய்ப் பார்த்தார். வெளியே இறங்கும் கழிவுநீர்க் குழாயில் இரண்டு இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் தூணோரமாக உள்ளுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. மேற்குப் பக்கத் தூண் மட்டும் ஏன் இவ்வளவு மோசம் என்று அதுவரை அவருக்கே விளங்காமல் இருந்தது. அந்தக் குழாயை மாற்றாமல் தூணைச் சரி பண்ணியிருந்தால் நாலைந்து வருஷத்தில் மறுபடியும் வெடித்திருக்கும், எங்கள் பணம் முழுக்க வீண். சங்கத்தில் ஓட்டு இல்லாதவர், மராமத்துக்கு ஒரு ரூபாய் பங்கு கொடுக்க வேண்டாதவர், அவருக்குத்தான் கட்டடத்தைப் பற்றித் தெரிந்திருந்தது, ஏனென்றால் ராத்திரி அந்தச் சுவரோரம் படுப்பது அவர்.

இரண்டாவது கடிதத்துக்கு முன்னால் வேலைப்பட்டியல் ஒன்றைப் பொறியாளரே எழுதிக் கொடுத்தார். இது எவ்வளவு முக்கியம் என்று முதல் முறை எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று பேரிடம் விலை கேட்டோம் என்றோமே, மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், ஒருவர் சாரத்தைச் சேர்த்து, ஒருவர் சேர்க்காமல், ஒருவர் வெறும் பூச்சுக்கு. அதில் எது குறைவு என்று எப்படிச் சொல்வது? இந்த முறை ஒரே தாள் நான்கு பேருக்கும் போயிற்று. சாரம் சதுர அடிக்கு இவ்வளவு, பெயர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை உடைத்தெடுக்க இவ்வளவு, கம்பியைத் தேய்த்துத் துருநீக்கித் துத்தநாக பிரைமர் அடிக்க, கால்வாசிக்கு மேல் தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க, பாலிமர் கலவை பூச, குழாய் மாற்ற, மொட்டை மாடித் தட்டோட்டை எடுத்து நீர்க்காப்பு செய்ய, கடைசியாகத்தான் பெயின்ட். ஒவ்வொன்றுக்கும் தனி விலை, உத்தேச அளவு. அளவு கூடினால் அதே விலையில்தான் கூடும், பொறியாளர் அளந்து எழுதிய பிறகுதான் பணம். ‘உடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும்’ என்பது உண்மைதான், ஆனால் தெரிந்த பிறகு என்ன விலை என்பதை உடைப்பதற்கு முன்னாலேயே பேசிவிடலாம்.

நான்கில் ஒருவரை மூன்றாம் மாடிக்காரர் சொன்னார். அவர் விலை இரண்டாவது இடத்தில் வந்தது. மேலூர்ப் பக்கம் அவர் இதே மாதிரி வேலை செய்து முடித்திருந்த ஒரு பள்ளிக் கட்டடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவரையே எடுத்தோம். விலை குறைந்தவரை ஏன் எடுக்கவில்லை என்று நான்கு வரி எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அக்கா மகள் சொன்னதை அப்படியே பின்பற்றினேன்.

மொத்தம் 27 லட்சத்து 90 ஆயிரம். பங்கு பிரிப்பதில்தான் நிறையப் பேச்சு. வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகவா, சதுர அடிக்கா? எங்களிடம் 900 சதுர அடி வீடு பன்னிரண்டு, 650 சதுர அடி வீடு பன்னிரண்டு. பத்திரத்தில் பிரிபடாத பாகம் வீட்டு அளவுப்படிதான் எழுதியிருக்கிறது, அதனால் சதுர அடிக்கு 150 ரூபாய் என்று முடிவானது. பெரிய வீட்டுக்கு 1,35,000, சின்ன வீட்டுக்கு 97,500. மொட்டை மாடி பொதுவிடம், அதன் செலவு தரைத்தளத்துக்கும் உண்டு, அதே மாதிரி தரைத்தளத்துத் தூண் செலவு மூன்றாம் மாடிக்கும் உண்டு. மேல் வீட்டைத் தாங்கி நிற்பதே அந்தத் தூண்தான் என்று பொறியாளர் சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கியது. நான்கு தவணை, ஆறு மாதத்தில். ஒரே நேரத்தில் ஒரு லட்சம் எடுத்து வைக்க முடியாத குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வைக்காமல் எல்லாருக்குமே தவணை என்று வைத்தது எனக்கு மனசுக்கு நிறைவான முடிவு.

ஒத்திக்காரர்களிடம் பணம் கேட்கக்கூடாது, வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தோம். ஒரு வீட்டுக்காரர், ‘அவங்க கிட்ட வாங்கிக்கோங்க, அப்புறம் ஒத்திப் பணத்துல கழிச்சுக்கலாம்’ என்றார். முடியாது என்று எழுதியே கொடுத்தோம். இதை ஒட்டி ஒன்று சொல்ல வேண்டும், ஒத்திக்குப் போகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஒத்தி, இரண்டு சாட்சியோடு பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும். நம் ஊரில் எட்டு லட்சத்தைக் கொடுத்துவிட்டு பதிவு செய்யாத பத்திரத்தில் எழுதி பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். செலவு பார்க்காமல் பதிவு செய்யுங்கள். கூடவே அதில் இரண்டு வரி சேருங்கள்: கட்டடப் பெரிய மராமத்துச் செலவு வீட்டுக்காரருடையது, வேலை நடந்தால் முன்கூட்டியே தெரிவிப்பதும் அவர் பொறுப்பு.

வேலை ஆனி கடைசியில் ஆரம்பித்தது. தூண்களை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தொடவில்லை. ஒன்றுக்குச் சுற்றிலும் ஜாக்கி முட்டுக் கொடுத்து, உடைத்து, கம்பி கட்டி, பூசி, சாக்கு சுற்றித் தண்ணீர் விட்டு, அது இறுகிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டவர்கள் இருந்தார்கள், பொறியாளர் அசையவில்லை. உடைக்கும் மெஷின் காலை பத்தில் இருந்து ஒன்று வரை, மாலை மூன்றில் இருந்து ஐந்து வரை மட்டும். மறுநாள் எந்தப் பக்கம் என்று முந்தின நாள் சாயங்காலமே படிக்கட்டுப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுவார் மேஸ்திரி. அதைப் பார்த்துத் துணி காயப்போடுகிறவர்கள் இடம் மாற்றிக்கொண்டார்கள். ஆஸ்துமா இருக்கிற பாட்டி ஒருவர் அவர் பக்கத்து வேலை நடந்த ஒன்பது நாளும் எதிர்ப்பக்க வீட்டில் பகலில் வந்து இருந்தார், அதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தெரிந்ததால் அவர்களாகவே செய்துகொண்டார்கள்.

மொட்டை மாடி நீர்க்காப்பு முடிந்ததும் வடிகால் வாயை அடைத்து மூன்று நாள் தண்ணீர் கட்டி வைத்தோம். கீழே மூன்றாம் மாடி வீடு ஒவ்வொன்றிலும் போய் உத்தரத்தைத் தொட்டுப் பார்த்தோம். ஒரு மூலையில் மட்டும் கசிவு இருந்தது, அதை மறுபடியும் திறந்து சரி செய்தார்கள். இடையில் ஒருநாள் திருமலை நாயக்கர் மகாலுக்கு விருந்தாளியைக் கூட்டிப்போனேன். 1636-ல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. அதுவே சிதிலமாகி, 1866-ல் இருந்து 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் சீர் செய்யப்பட்டிருக்கிறது. அந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, இதற்கு எத்தனை சவுக்குக் கம்பு சாரம் பிடித்திருக்கும் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது.

ஒப்பந்தத் தொகையில் நூற்றுக்குப் பத்து பிடித்து வைத்தோம், ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு தருவது என்று. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் நன்றாகவே பெய்தது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டிய மழையில் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போனேன், வடிகால் எல்லாம் சலசலவென்று இழுத்துக்கொண்டிருந்தது. முதல் மாடிக்கு இறங்கி வந்தபோது அந்த அம்மா வீட்டில் விளக்கு எரிந்தது. கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டு, குழாய்ப் பொந்துச் சுவரில் என் கையை எடுத்து வைத்துக் காட்டினார். காய்ந்திருந்தது. மார்கழியில் ஒப்பந்தக்காரருக்கு மீதிப் பணத்தைக் கொடுத்தோம்.

24 வீட்டில் 23 வீடு முழுப் பங்கும் கட்டிவிட்டது. ஒரு சின்ன வீட்டின் 97,500-ல் பாதி இன்னும் வரவில்லை, வீட்டுக்காரர் வெளிநாட்டில். அந்த வீட்டில் இருப்பவர்களிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தண்ணீரையும் நிறுத்தவில்லை, நிறுத்த மாட்டோம். அவருக்கு மட்டும் மாதம் ஒரு கடிதம் போகிறது. மாதப் பராமரிப்போடு சதுர அடிக்கு ஒரு ரூபாய் தனிக் கணக்கில் சேர்த்து வருகிறோம், அடுத்த பெரிய வேலைக்கு.

அடுத்தது லிஃப்ட். 1996-ல் போட்ட பெட்டி, கதவு சரியாக மூடுவதில்லை. மூன்றாம் மாடியில் முட்டி வலிக்காரர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், மாற்றும்போது எத்தனை நாள் லிஃப்ட் இருக்காது, அந்த நாட்களில் அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை முதல் கடிதத்திலேயே எழுத வேண்டும். அதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.